கல்யாணி பார்த்த பாபநாசம்

காலை 6.10. வண்ணார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் புதிய பேருந்து நிலையம் வந்து, பாபநாசம் பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்தேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சாமி கும்பிடப் போகவில்லை, குளிக்கவும் போகவில்லை. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கல்யாணி புளுகியிருக்கிறாள் என்று நிரூபிக்கப் போனேன்.

போன மாதம் இருவரும் சேர்ந்துதான் பாபநாசம் போனோம். வந்ததும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி ஒரே பத்திரிகைக்கு அனுப்பினோம். அவளுடையது அச்சாகி வந்தது. என்னுடையது அப்படியே திரும்பி வந்தது. படித்துறையில் பொரி விற்கும் ஒருத்தி, முதல் பிடியை ஆற்று மீனுக்குப் போட்டுவிட்டுத்தான் காசைத் தொடுவாளாம்; கல்யாணி எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் நாள் முழுக்க அதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்திலேயே நின்ற என் கண்ணில் படாதது அவள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டதாம்? அத்தனையும் கற்பனை என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். நேரில் பார்த்துவிட்டுத் தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி.

பத்தமடை தாண்டியதும் கண்டக்டர், "எங்கன எறங்கணும்க்கா?" என்றார்.

"கோயில் படித்துறை."

"அப்படின்னா பொரி வாங்கிக்கிடுங்க. மீனு கெடந்து துள்ளும்."

இவருமா!

மணி எட்டு. படித்துறையில் பொரிக்காரி அப்போதுதான் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பத்து ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு பிடி பொரியோடு படி இறங்கித் தண்ணீரில் வீசினாள். கறுப்பு முதுகுகள் முட்டி மோதின.

"தெனமும் போடுவியளா?"

"முதப் பிடி அதுகளுக்குத்தான். பொறவுதான் யாவாரம்." என்னை உற்றுப் பார்த்தாள். "போன மாசம் ஒரு டீச்சரம்மாகூட வந்தது நீங்கதான? அன்னைக்கும் நீங்க நீட்டுன காச வாங்காமத்தான போட்டேன்! அவிய என்னப் பாத்துப் பாத்து எழுதுனாவ. நீங்க அவிய நோட்டுப் பொஸ்தகத்தயே பாத்துக்கிட்டு நின்னிய."

கைநீட்டி நின்றதே நான்தானா! அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: கல்யாணி மூன்று பக்கம் எழுதினாள், நான் ஒரு பக்கம். ஆற்றையும் மீனையும் பொரிக்காரியையும் படித்துறையிலேயே விட்டுவிட்டு, என் மனசு அந்த மூன்று பக்கத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கடிதத்தைக் கிழித்தேன். 9.20 பஸ்ஸில், இந்தத் தடவையாவது பார்ப்போம் என்று சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் வயல், கொக்கு, வாய்க்காலில் குளிக்கும் எருமைகள். இதைக் கல்யாணி எப்படி எழுதுவாள் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, பொரிக்காரி உன்னைய விசாரிச்சா."

"நீ எதுக்குட்டி திரும்பவும் போன?" என்றாள்.

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.