பிடித்தது தலை, பார்த்தது வயிறு

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது டாக்டரின் வேலை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் தவறு இன்னும் எத்தனை தலைமுறைகளைக் கெடுக்குமோ என்ற கவலையில் திருத்துகிறேன்: ஐம்பதுகளின் எல்லைப் போராட்ட ஆண்டுகளில் அந்த வேலையின் பாதி, நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுடையது. பாறசாலைப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படி நின்றவன் நான்.

இன்றைய குழாய் பாம்பைப்போல வளைகிறது. நுனியில் காமிரா, பார்ப்பதை அறையில் இருக்கும் எல்லோரும் திரையில் பார்க்கலாம். ரத்தம் கசியும் இடத்தில் கிளிப் மாட்டுகிறார்கள், முளைவிடும் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிற காமிரா மாத்திரையும் வந்துவிட்டதாகப் படித்தேன். எங்களிடம் இருந்ததோ ஓர் உலோகக் குழாய். கீழ்ப்பாதி மட்டும் கொஞ்சம் வளையும். உள்ளே வரிசையாக லென்சுகள், நுனியில் மிளகளவு பல்பு. இருட்டறையில் ஒருவர் மட்டுமே, ஒரு கண்ணால் மட்டுமே பார்க்க முடியும். நோயாளியின் தலை அசைந்தால் உணவுக்குழாய் கிழியும். தொண்டை மரத்து, எச்சில் வடியப் படுத்திருந்த அனுபவமுள்ள வாசகர்களே, உங்கள் தலைமாட்டில் உங்களைவிடப் பயந்த ஒருவன் நின்றிருக்கக்கூடும் என்பதை அறியுங்கள்.

முதல் தலை

முதல் தலை பூவாரிலிருந்து வந்தது. கடலுக்குப் போகும் லாசர். டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். "தல அனங்கருது" என்றார். தலை அசையக்கூடாது என்று நான் தமிழில் சொன்னேன். லாசருக்கு என்னைவிட நன்றாக மலையாளம் தெரியும். ஆனாலும் மொழிபெயர்த்தேன். அந்த ஆண்டுகளில் அப்படித்தான்.

குழாயை உருவியதும் லாசர் வெகுநேரம் துப்பினார். புண் சிறியது, மருந்தில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டும் முகம் தெளியவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இனி நான் வலை மட்டுந்தான் போடுவேன். தூண்டில் போடமாட்டேன், ஆண்டவராணை."

ஓட்டையும் ஒட்டும்

பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த தங்கையனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் ஊர்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று கொடி பிடிக்கிற கூட்டத்தில் எப்போதும் முன்வரிசையில் நிற்பவன். மூன்று மாதமாகச் சோறு இறங்காமல் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒரு நிழல். ஆறுகிற புண்ணா, வெட்டி எடுக்க வேண்டிய கட்டியா என்று படத்தில் தெரியவில்லை. கட்டியானால் இப்போதே எடுத்தால் பிழைப்பான் என்றார் டாக்டர். குழாயை எடுத்து மாட்டிப் பார்த்தால், பல்பு எரிந்துபோயிருந்தது.

பல்புக்குக் காத்திராமல் வயிற்றைத் திறந்தே பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே காற்றடித்து வயிற்றை விரித்துப் பார்ப்போம் என்று நான் முன்பே தங்கையனுக்கு விளக்கியிருந்தேன், அது வினையாயிற்று. "நானும் நாளெல்லாம் காத்துதானே அடிக்கேன்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஓட்டை எங்கேன்னு காணாம நான் எவனோட டியூப்பிலயும் கத்தரி வைக்கமாட்டேன் அண்ணே. என் வயித்துக்கு மட்டும் என்ன வேற நியாயமா?"

அமரவிளை

திருவனந்தபுரத்தில் ஒரு கருவிக் கடையில் ஒரே ஒரு பல்பு இருந்தது. அதைப் பஞ்சில் பொதிந்து, தீப்பெட்டியில் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அமரவிளைப் பாலம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே அயனி மரம் கிடந்தது. மறியல். கொடியோடு முன்னால் நின்றவன் தங்கையன்.

இறங்கிப்போய்த் தீப்பெட்டியைக் காட்டினேன். "எலே, இது உன் வயித்துக்குள்ள போற பல்பாக்கும். வண்டியை விடு."

அவன் தீப்பெட்டியைப் பார்த்தான். பின்னால் நின்ற முப்பது பேரையும் பார்த்தான். "எனக்காவ ஒரு வண்டியை விட்டா நாளைக்கு இவனுவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நடந்து போங்க அண்ணே. வயிறு எங்கேயும் போவாது."

நடந்தேன். ஒரு பர்லாங்கு போவதற்குள் போலீஸ் லாரி வந்தது, தடியடி. ஓடி வந்த கூட்டம் என்னைக் கீழே தள்ளிவிட்டு, என் மேலேயே ஓடியது. எழுந்து பார்த்தபோது தீப்பெட்டி சப்பையாகியிருந்தது. மறுநாள் தங்கையன் முதுகில் தடித்த வீக்கத்தோடு மருந்து போட வந்தான். பல்பு நொறுங்கியதைச் சொன்னேன். "என்னை ஏசாதீங்க அண்ணே. உங்க மேல ஓடினதுல நான் இல்ல. நான் நிண்ண இடத்துலயேதான் நிண்ணேன்."

ஒரே கண்

அடுத்த பல்பு கப்பலில் வந்தது, இரண்டரை மாதம். அதற்குள் டாக்டர் இரண்டு முறை பார்க்காமலே அறுக்கலாம் என்றார். இரண்டு முறையும் அதே சைக்கிள் கடை நியாயம் பதிலாக வந்தது. கடைசியில் அவனைப் படுக்க வைத்தபோது, என் கைகளில் இருந்த தலைக்குக் கனமே இல்லை. தாங்க முடியாவிட்டால் என் சட்டையை இழு என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் இழுக்கவில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நர்ஸிடம் கொடுக்கச் சொல்லி, என்னைப் பார்க்கச் சொன்னார். அத்தனை தலைகளுக்குப் பிறகு அன்றுதான் நான் முதல் தடவை உள்ளே பார்த்தேன். ஈரச் செம்மண் நிறத்தில் மடிப்புகள். நடுவே சாம்பல் பூத்த ஒரு மேடு, ஓரமெல்லாம் ரத்தக் கசிவு. எவ்வளவு காற்றடித்தும் அந்தப் பக்கம் விரியவே இல்லை. டாக்டர் மெல்ல, "வைகிப்போயி" என்றார். காலம் கடந்துவிட்டது என்று இந்தத் தடவை நான் மொழிபெயர்க்கவில்லை. தங்கையனுக்கும் மலையாளம் தெரியும்.

குழாயை எடுத்து, தொண்டைக்கு உணர்வு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஓட்டை கண்டியளா?" என்றான்.

"கண்டோம்."

"ஒட்டுப் போட முடியாது, இல்லியா?"

நான் துண்டால் அவன் வாயைத் துடைத்தேன். அவன் என் கையை விலக்கினான். "அந்தப் பல்பைப் பத்திரமா வச்சிருங்க அண்ணே. அடுத்த மறியலுக்கு நான் உண்டாவமாட்டேன்."

எல்லை முடிவானபோது பாறசாலை கேரளத்தோடு நின்றது. மலையாளத்தில் வந்த தங்கையனின் மரணச் சான்றிதழை அவன் மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டும் வேலையும் தலை பிடித்தவனுக்கே வந்து சேர்ந்தது.