வாரிசும் வாரிஸும்

இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக உட்கார்ந்து காலமெல்லாம் கணக்கு எழுதிய கண் அது. மனைவி போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தவை தினசரிப் பேப்பரும் ஒரு பழைய காரும்தான். இரண்டுக்கும் கண் வேண்டும்.

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் பழைய ஆள் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். மற்றவர்கள் பாரோய்ப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். பார்த்தால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவனுக்கு என்னோடு பேசத் தெம்பு ஏது?

அந்தக் கண்ணோடு கார் ஓட்ட முடியாமல் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் பதியப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு வாரிஸ் யாரு?"

"எனக்கு வாரிசு இல்லம்மா."

"யாருமே இல்லையா?"

"கடவுள் குடுக்கல. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று எரிந்து விழுந்தேன்.

போகிற கல்யாணத்தில் எல்லாம் என் மனைவியிடம் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு, காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலும் அதையே கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"சோரி அங்கிள். வாரிஸ் இல்லாம ஆபரேஷன் செய்ய முடியாது லா. ரூல்ஸ். ஆள் கிடைச்சா வாங்க."

ஆள் கிடைத்தால் என்று அவள் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மாள் அங்கே இருந்தார். அவருக்கும் கண்தான்.

"உங்களையும் அனுப்பிட்டாங்களா அண்ணே?"

"பிள்ளை இல்லாதவனுக்குக் கண்ணு செய்யமாட்டாங்களாம், அம்மா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு மூணு பிள்ளைங்க அண்ணே. என்னையும்தான் அனுப்பிட்டாங்க. அது நம்ம வாரிசு இல்ல, மலாய் வாரிஸ். கூட வந்து இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற ஆளு. இவங்க போன் போட்டா எடுக்கிற ஆளு!"

வெட்கமாகிவிட்டது. ஆபீசில் எத்தனை மலாய்க் கடிதங்களைப் பார்த்தவன் நான்! அந்தப் பெண் மலாயில் கேட்டிருந்தால் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். பாவம், பிரியமாகத் தமிழில் கேட்டுவிட்டாள்.

புரிந்ததும் வேறு கோபம் வந்தது. காலையில் கண்ணைக் கிழித்துவிட்டு மாலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டில் மிச்சம், நெரிசல் குறைவு. நானும் ஆபீசில் இருந்தவன், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பு வார்டில் நர்ஸ் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது வீட்டில் இருக்கும் ஆள் பார்க்கவேண்டும். வீடு என்றால் அங்கே ஒரு ஆள் இருக்கும் என்று நம்பித்தான் இந்தத் திட்டம் போட்டிருக்கிறார்கள். திட்டம் போட்டவர் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யாராவது கதவைத் திறப்பார்கள் போலிருக்கிறது.

அந்த அம்மாள் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். அடித்து ஓய்ந்தது. "வேலையா இருப்பான்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குப் போட்டுப் பார்க்கக்கூட ஒரு நம்பர் இல்லை.

"உங்களுக்கு நான் வாரிஸா வரவாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தோன்றியது.

"அப்ப உங்களுக்கு நான் வர்றேன்" என்றார்.

மறுபடி கவுண்டருக்குப் போனோம். "என்ன உறவு?" என்று கேட்டாள் அந்தப் பெண். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வரிசையில முன்ன பின்ன நின்னோம்" என்றார் அம்மாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நண்பர் என்று கம்ப்யூட்டரில் தட்டினாள்.

முதலில் எனக்கு நடந்தது. அம்மாள் நாள் முழுக்க வெளியே காத்திருந்து, டாக்சியில் என்னோடு தோட்டம்வரை வந்து, கண்ணுக்கு மருந்து விட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கண் தெளிந்ததால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய முறை வந்தபோது என் காரிலேயே அழைத்துப் போனேன். உள்ளே விடவில்லை. முடிந்ததும் கூப்பிடுகிறோம், போனைப் பக்கத்தில் வைத்திருங்கள் என்றார்கள். கேன்டீனில் உட்கார்ந்து போனை மேஜைமேல் வைத்தேன். கையில் பேப்பர் இருந்தது. இதைப் படிக்கத்தானே கண்ணைச் சரிசெய்தேன்? ஒரு வரி ஓடவில்லை. சத்தம் குறைவாக வைத்துவிட்டேனோ என்று போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அடித்தது.

"ஹலோ, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கூட்டிட்டுப் போகலாம். நீங்கதானே வாரிஸ்?"

"ஆமாம்மா! நான்தான் வாரிஸ்!"

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தேன். பேப்பரை அங்கேயே விட்டுவிட்டு வார்டைப் பார்த்து நடந்தேன்.