ஸ்கொட்லாந்து பிரியக்கூடாது என்று பேசிய நாள்

2007ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில், ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழர்கள் கலைவிழா நடத்தினார்கள். இப்படியான விழாக்களில் எனக்கு எப்போதும் ஒரே வேலைதான்: இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரிப்பது. யாழ்ப்பாணத்தில் படித்தபோது பாடசாலை விவாத அணியில் நான் இருந்தேன் என்பது என் கணவருக்கே மறந்துபோயிருந்தது.

அந்த வருடம் பட்டிமன்றம் வைப்பதென்று முடிவானது. ஊரில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஊர் அரசியலைத் தொட்டால் விழா அடிபிடியில் முடியும் என்று குழுவினருக்குப் பயம். ஆகவே பெரிய மூளைசாலிகளாக ஒரு தலைப்பைக் கண்டுபிடித்தார்கள்: பிரித்தானியாவிலிருந்து ஸ்கொட்லாந்து பிரிந்துபோக வேண்டுமா, சேர்ந்திருக்க வேண்டுமா? தனிநாடு கேட்கும் கட்சி அங்கே முதல் தடவையாக ஆட்சிக்கு வந்திருந்த வருடம் அது. ஆனால் யார் ஸ்கொட்லாந்து என்று சொன்னாலும் எங்கள் எல்லோருடைய காதிலும் எங்கள் மண்ணின் பெயர்தான் விழுந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

பிரிய வேண்டும் என்று பேச ஆட்கள் முண்டியடித்தார்கள். சேர்ந்திருக்க வேண்டும் என்று பேசப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது, மற்றவருக்குத் திடீரென்று வேலை வந்தது. நடுவராக இருக்கவேண்டிய அண்ணை கையை விரித்தார்.

"அப்ப பட்டிமன்றத்தை விடுவம். சனம் முழுக்க ஒரு பக்கம் நிக்கேக்கை எதிர்ப்பக்கம் கதைக்க ஆருக்கு ஏலும்?"

"எனக்கு ஏலும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உனக்கென்ன விசரே? நாளைக்குச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க வேண்டாமே?" அவருடைய பயம் பொய்யில்லை. கோயில், கடை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தான். ஒதுக்கிவிட்டார்கள் என்றால் இந்தக் குளிர் தேசத்தில் எங்களுக்கு வேறு யார்? உண்மையைச் சொன்னால், ஸ்கொட்லாந்து பிரியட்டும் என்பதுதான் என்னுடைய எண்ணமும். ஆனால் ஏலும் என்று சொன்னபிறகு ஏலாது என்று சொல்வது என் பிறவிக் குணம் இல்லை.

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தேன். என்னுடன் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும் வேலை செய்தார். என் வயதுதான் இருக்கும், ஜேர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். தனிநாட்டுப் பித்தர். சாப்பாட்டுப் பெட்டியில்கூடத் தங்கள் நீல வெள்ளைக் கொடியை ஒட்டி வைத்திருப்பார். அவரிடம் போய், உங்களுக்கு எதிராகப் பேச எனக்கு உதவி செய்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இரு என்றார்.

அதிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் எனக்கு அவரிடம் பாடம்தான். கடல் எண்ணெய் ஒருநாள் தீரும், அதற்குப்பிறகு என்ன செய்வாய் என்று கேள். வயதானவர்களின் ஓய்வூதியத்தை யார் கொடுப்பார்கள் என்று கேள். இங்கிலாந்துக்காரனைக் கட்டியிருக்கும் தன் தங்கையின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று கேள். இந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது அவருக்கே முகம் வாடும். நான் சும்மா ஒப்புக்குப் பேசினால் கோபித்துக்கொள்வார். எதிராளியை நொண்டியாக்கிவிட்டு ஓடி வென்றால் அது என்ன வெற்றி என்பார்.

விழாவுக்கும் வந்தார். முன்வரிசையில், என் ரோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் இருந்த ஒரு பையன் அவர் காதுக்குள் எல்லாவற்றையும் ஜேர்மனில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், ஒவ்வொரு வசனத்துக்கும் கைதட்டு. பிறகு நான் எழும்பினேன். ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கினேன். எண்ணெய் பற்றிப் பேசினேன், ஓய்வூதியம் பற்றிப் பேசினேன். எனக்கு ஒரு கைதட்டும் விழவில்லை. பிள்ளைகள் பற்றித் தொடங்கியபோது பின்வரிசையில் ஒருவர் எழும்பிக் கத்தினார்.

"ஆர் சொல்லி இதெல்லாம் கதைக்கிறியள்? இறங்குங்கோ கீழை!"

இன்னும் சிலர் சேர்ந்து கத்தினார்கள். நடுவர் பயந்துபோய், என் நேரம் முடியும் முன்பே மணியை அடித்துவிட்டார். கணவரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இறங்கமாட்டன். என்ரை நேரம் இன்னும் கிடக்கு."

கத்தியவர் விறுவிறென்று முன்னால் வந்தார். அங்கே இருந்த வெள்ளைக்காரர் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நீங்கள் ஸ்கொட்லாந்துக்காரர்தானே, யார் இவவுக்கு இந்தக் கதைகளைச் சொல்லிக் கொடுத்தது என்று கேளுங்கள்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார்.

ஸ்கொட்லாந்துக்காரர் எழும்பினார். "நான்தான்" என்றார்.

மண்டபத்தில் எல்லோருக்கும் ஜேர்மன் மொழி விளங்கும். அவர் சபையின் பக்கம் திரும்பினார். என் நாடு தனிநாடாக வேண்டும் என்பதுதான் என் ஆசை, ஆனால் இவர் இன்னும் முடிக்கவில்லை, என் தங்கையின் பிள்ளைகள் பற்றிய இடத்தில் நிற்கிறார், தயவுசெய்து முடிக்க விடுங்கள் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து ரோல்ஸைக் கடித்தார்.

நான் முடித்தேன். கடைசி வசனம் வரைக்கும் முடித்தேன். தீர்ப்பு எதிரணிக்குத்தான், அதில் என்ன சந்தேகம்? ஆனால் விழா முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, கத்திய அந்த மனிதர் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டினார். "நீங்கள் கதைச்சது முழுக்கப் பிழை, அக்கா. ஆனால் நல்லாக் கதைச்சியள்" என்றார். ஆற்றுக்கு மேலே ஓடும் எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் வீடு திரும்பும்போது என் கணவர் மெல்ல என் கையைப் பிடித்து, "நானும் எழும்பியிருக்க வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, பிரிவதா சேர்ந்திருப்பதா என்று ஸ்கொட்லாந்தில் வாக்கெடுப்பு நடந்தது. வெளிநாட்டில் இருந்ததால் என்னுடன் வேலை செய்த அந்த ஸ்கொட்லாந்துக்காரருக்கு வாக்கு இல்லை. சேர்ந்திருப்பது என்று முடிவு வந்த காலையில் ஏதோ நானே குற்றம் செய்ததுபோல அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுது அடைத்த குரலில் சிரித்தார். உன்னுடைய பேச்சுத்தான் எங்களைத் தோற்கடித்தது, அடுத்தமுறை எங்கள் பக்கம் பேசு என்றார்.

இப்போது எங்கள் விழாக்களில் என்னை நடுவராக உட்காரவைக்கிறார்கள்; எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கருத்தை ஒருவர் பேச எழும்பும்போது, நான் மணியைக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிடுகிறேன்.