மஞ்சள் வைத்த போர்வை

பனியன் கம்பெனியில் நான் தைப்பது தோள்பட்டை. தோள்பட்டை மட்டும்தான். கழுத்தும் கையும் எனக்கு அடுத்த மிஷின்களுக்குப் போய்விடும். முழுச் சட்டையாகி அது பெட்டியில் ஏறுவதைப் பார்க்கக்கூட நேரமிருக்காது. யார் யார் தோளிலோ என் தையல் உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரு தோளில்கூட இல்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போனில் ஒரு வீடியோ இப்படியொரு போர்வையைக் காட்டினால் வயிறு எரியாதா? கட்டம் கட்டமாகத் துணியை ஒட்டித் தைத்த போர்வை. ஒரு கட்டம் மாதிரி இன்னொரு கட்டம் இல்லை. ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் காற்றாடி, ஒன்றில் நடுவே சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டை. சாம்பிளர் என்று பெயராம். தைத்தது ஒரே ஆள், முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சு வரை. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது வயதாகப்போகிறது, இந்த வருஷம் எனக்கு நானே ஒன்று தைத்துக்கொள்வது என்று முடிவுகட்டினேன்.

இன்னொரு முடிவும் சேர்ந்தே வந்தது. துணி எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். கம்பெனியில் வெட்டித் தள்ளும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்புள்ள, புதுத்துணிய வாங்கி, துண்டு துண்டா வெட்டி, மறுக்காவும் ஒட்டுப்போடறதா? அதுக்கு அந்தத் துணியவே போத்திக்கலாமல்லோ?"

அவர் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டியவள். பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டம்மா உடுத்திக் கழித்த சேலைகளைக் கொடுப்பார்கள். அதில் நல்ல பக்கம் எனக்குப் பாவாடை, நைந்த பக்கம் எல்லோருக்கும் போர்வை. பள்ளிக்கூடத்தில் அந்த வீட்டுப் பெண் என் பாவாடையைப் பிடித்து, "இது எங்கம்மா சேலை" என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். ஒட்டுப்போட்ட போர்வை என்றால் எங்களுக்கு அதுதான். என் ஒட்டு அப்படி இருக்கக் கூடாது. அந்த ஒட்டில் வரும் துணியை எனக்கு முன்னால் ஒருத்தரும் உடுத்தியிருக்கக் கூடாது.

சோமனூரில் இருப்பதால் அடித்துணிக்கு அலைச்சலில்லை. தெருமுனைத் தறிக்கூடத்திலேயே காடாத் துணி வாங்கிவிட்டேன். மேல்துணிக்குக் கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் சிவப்பையும் மாம்பழ மஞ்சளையும் பச்சையையும் அளந்து வெட்டும்போது, "பாப்பாவுக்குங்களா?" என்றார். இல்லை, எனக்கு என்றேன். கடைக்கு வெளியே பூவண்டி ஓரத்தில் நின்ற பூக்காரம்மாவும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளும்கூடப் பையை எட்டிப் பார்த்து யாருக்கு என்றுதான் கேட்டார்கள். எனக்கு, எனக்கு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சண்டைக்குப் போகிறவள் குரல் வந்துவிட்டது.

உக்கடத்து மெத்தைக் கடை பாய் ஒருவர்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். உள்ளே வைக்க மெல்லிய பஞ்சு விரிப்புக் கேட்டேன். எனக்குத்தான் என்றதும் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். "அப்பக் கொஞ்சம் நீளமா வெட்டோணுமுங்க. இல்லீன்னா காலு வெளிய நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார். என் காலைப் பற்றி யோசித்த மனுஷர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்தேன். காற்றாடிக் கட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. முதல் காற்றாடி நன்றாக வந்ததும் கை ருசி கண்டுவிட்டது. தையல் மிஷின் ஓட, ஏதோ யோசனையில் இருந்துவிட்டு நிமிர்ந்தால் மடியில் காற்றாடியாகக் குவிந்து கிடக்கிறது. என் கை பழைய புத்தியில் கம்பெனி லைனுக்கே போய்விட்டிருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உட்கார்ந்து பிரித்தேன். "அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, வேகமா முடியுமல்ல" என்றார் வீட்டுக்காரர். முடியாது என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன், கை மறக்கட்டும் என்று. கடைசிக் கட்டம் எந்த வீடியோவிலும் இல்லாதது. தென்னங்கீற்றுத் தடுக்கு முடைகிற மாதிரி பச்சைப் பட்டைகளை மேலும் கீழுமாகப் பின்னிவிட்டேன்.

பாதியில் இருக்கும்போது கொடுமுடியிலிருந்து வீட்டுக்காரரின் அக்கா வந்தார், எனக்கு அண்ணி முறை. அவரும் எங்களைப் போல உடுத்திக் கழித்த துணியில் வளர்ந்தவர்தான். கட்டங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "ஒட்டுத்துணி போத்துன காலம் ஒழிஞ்சுதுன்னு இருக்கறோம். நீ அதயத் தேடிப் புடிச்சுக் கொண்டுட்டு வாரயா அம்மணி?" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நான் தைத்து முடித்தபிறகு சித்திரையில் மறுபடி வந்தார், மகளுக்கு வளைகாப்பு என்று சொல்ல. போர்வை கட்டிலில் விரித்திருந்தது. இந்தத் தடவை காலால் அல்ல, கையால் தொட்டார். நட்சத்திரத்தைத் தடவினார், தடுக்குக் கட்டத்தைத் தடவினார், ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"அடேங்கப்பா! தாய்மாமன் சீர்ல இதய வச்சுப்போட்டா எங்க சம்பந்தி ஊட்டுக்காரங்க வாயப் பொளந்துருவாங்க."

என் வீட்டுக்காரர்தான் அந்தத் தாய்மாமன். அக்கா வாயைத் திறந்தால் இவர் தலை தானாக ஆடும். "அதுக்கென்னுங்க்கா, எடுத்துக்குங்க" என்றுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணி போர்வையின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருப்பேன். கத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அண்ணி அழுவார், சொந்தபந்தம் பேசும், பொம்பளைக்கு இத்தனை ஆசையா என்பார்கள், போர்வையும் போய்விடும். அடுக்களைக்குப் போனேன். மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுத்துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம். உடுத்திவிட்டால் அது உடுத்தியவருடையது, சீர்த் தட்டுக்கு ஆகாது. அடுத்தவரிடம் வாங்கி உடுத்தியதெல்லாம் பழசு என்பதாலோ என்னவோ, சீர் விஷயத்தில் நாங்கள் அத்தனை கறார். அண்ணி இன்னும் ஒரு படி மேலே. வருகிற சீர்ச்சேலையைப் பிரித்து, மோந்து பார்த்துத்தான் வாங்குவார்.

திரும்பி வந்து, அவர் மடித்துக்கொண்டிருந்த முனையிலேயே மஞ்சளை வைத்தேன். கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையை அவர் கையிலிருந்து இழுத்து, கழுத்து வரை போர்த்திக்கொண்டேன். வெளியே கத்திரி வெயில்.

அண்ணி கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். "என்ன அம்மணி பண்ணிப்போட்ட?"

"போத்திக்கிட்டனுங்க அண்ணி."

வீட்டுக்காரர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "சீருக்கு இப்ப என்ன புள்ள பண்றது?"

"கடைல நல்லதா வாங்கி வைக்கலாமுங்க. நானே வந்து எடுத்துத் தாரேன்."

"இதே மாதர நீ ஒண்ணு தெச்சுக் குடுத்துப்போடு அம்மணி" என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது.

"வாங்கித் தாரனுங்க. தெக்க மாட்டனுங்க."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் பட்ட முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேர்க்கலயா அம்மணி?"

"வேர்க்குதுங்க."

காலை நீட்டிப் பார்த்தேன். பாய் சொன்ன மாதிரி கட்டைவிரல்கூட வெளியே தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் காப்பியைத் தாங்களே போட்டுக் குடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.