ஒரு மணி நேரம் கூட்டி

டிக்கெட் அக்கா விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே அவர்களுடைய டிக்கெட் கடை. ஒரு மேசையில் அவள், மற்றதில் கணவன்.

வரவேற்கப் போகிறவர்களிடம் இருவருமே விமானம் இறங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டித்தான் சொல்வார்கள். பெட்டி வரத் தாமதமாகும். உள்ளதைச் சொன்னால், "இன்னும் காணோமே" என்று ஃபோன் போட்டு உயிரை எடுத்துவிடுவார்கள். யாரையும் கெடுக்காத பொய் என்று அக்கா நினைத்திருந்தாள்.

அன்று காலை அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், மூன்று மணிக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். அப்பாவோ, "அவனப் பாக்காம உள்ள போக மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார். அவன் என்றால் அக்காவின் தம்பி. கோபித்துக்கொண்டு வெளிநாடு போனவன். அப்பாவும் மகனும் பேசி மூன்று வருடம் ஆகிறது.

கணவன் கடையிலிருந்தே அவனுக்கு டிக்கெட் போட்டான். மூவாயிரம் கிலோமீட்டர், நேரே வந்தால் நாலு மணி நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா ஃபோன் செய்தாள்.

"எப்பங்க இறங்கறான்?"

"மூணு மணிக்கு."

விமான நிலையத்திலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம். எப்படிப் பார்த்தாலும் நாலு ஆகிவிடும். டிக்கெட்டைத் தானே ஒரு தடவை பார்த்திருக்கலாம், அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை.

"எப்ப வருவான்?" என்றார் அப்பா.

"அஞ்சு ஆகும்பா." பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, "சரி, போலாம். பாத்ரூம் மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்றார். நர்ஸ் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோய் விட்டாள். அவள் வெளியே வந்ததும் தாழ்ப்பாள் விழுந்தது.

மணி மூன்றைத் தாண்டியது. "ஐயா, டாக்டர் காத்துட்டிருக்கார்" என்று நர்ஸ் கதவைத் தட்டினாள். உள்ளே குழாய்த் தண்ணீர் சத்தம்தான். அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்றே அக்கா நினைத்தாள்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா."

கதவை உடைக்க ஆள் கூப்பிட நர்ஸ் ஓடினாள். அவள் போன வழியாகவே, தோளில் பையோடு தம்பி வந்தான்.

"எப்படிடா இப்பவே வந்தே?"

"ரெண்டு மணிக்கே இறங்கிட்டேனேக்கா. டிக்கெட்ல அதானே போட்டிருக்கு."

அவன் குரல் கேட்டதும் தாழ்ப்பாள் திறந்தது. அப்பாவின் முகம் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை.

"மாப்பிள்ளை ஒரு மணி கூட்டுவாரு. அதுமேல நீ ஒரு மணி கூட்டுவே. ரெண்டையும் கழிச்சா மூணு. உங்க பொழப்பு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு மகனின் கையைப் பிடித்து, "எளச்சுப் போயிட்டியேடா" என்றார். அதற்கு மேல் பேச நேரம் இல்லை. தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூடிய ஆபரேஷன் தியேட்டர் கதவருகே அக்கா நர்ஸை நிறுத்தினாள். "இவ்வளவு லேட் ஆயிடுச்சே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"பயப்படாதீங்க. நாலு மணி நேரத்துல நல்லபடியா வந்துடுவாரு."

அக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். கடையில் தினமும் அவளே பேசுகிற குரல்.

"உள்ளதச் சொல்லுங்கம்மா" என்றாள்.

நர்ஸ் கதவைப் பார்த்தாள். "உக்காருங்க" என்றாள்.