சனியனுக்குச் சொந்தக்காரர்

என் அக்கா தையல்காரி. வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டும் திட்டத் தெரிந்தவள். நான் நாய்க்குட்டியைத் தூக்கி வந்த அன்றே, "இந்தச் சனியன் இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்றாள். அது அவளுடைய அளவு நாடாவைக் கடித்துக் குதறிய பிறகு கேட்கவே வேண்டாம். நான் அதற்கு என்னென்னவோ பெயர் யோசித்தேன். அவளுக்கு அது சனியன்தான்.

நேற்று, சும்மா நடக்கக் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் புளுகிவிட்டு, குட்டிக்கு மைக்ரோசிப் வைக்கக் கால்நடை மருத்துவரிடம் போனேன். அரிசி அளவு சிப்பை ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்களாம்; தொலைந்துபோனால் அதில் பதிந்ததை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடலாமாம்.

ஊசி போடுவதற்கு முன்னால் மருத்துவர் குட்டியின் கழுத்தில் ஸ்கேனரை ஓட்டினார். அது 'பீப்' என்றது.

"ஏற்கெனவே சிப் இருக்கே! யாரோட நாய் சார் இது?"

அவர் பார்த்த பார்வையில் நான் திருடனே ஆகிவிட்டேன். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"உங்க நாய்க்குட்டி எங்க ஆஸ்பத்திரியில இருக்கும்மா. பேரு..." திரையைப் பார்த்துத் தயங்கினார். "சனியன்."

மெஷின் நின்றது.

"ஐயையோ, தொலைச்சுட்டானா! என் தம்பியை நம்ப முடியாதுன்னுதான் போன மாசமே நான் சிப் வெச்சேன். பிடிச்சு வைங்க, இதோ வர்றேன்!"

"பதறாதீங்கம்மா. உங்க தம்பியும் இங்கதான் இருக்கார்னு நினைக்கிறேன்."

"அவன் கிடக்கட்டும் டாக்டர். சனியன் ஏதாவது சாப்பிட்டுச்சா?"