ஓமமும் விளக்கெண்ணெயும்

முதலில் என்னைக் கைவிட்டது மூச்சு. முக்கூடல் ஆற்றில் குளித்துக் கரையேறும்போது பாதிப் படியில் நின்று, மருதமரத்தில் குருவி பார்ப்பவன்போல நடிக்க வேண்டியிருந்தது. அடுத்து, திருநீறு தின்னத் தொடங்கினேன். பூசியது போக ஒரு பிடி வாய்க்குள் போகும். முகமும் வெளுத்துவிட்டதால் தெருவில் எனக்கு ஞானி என்று பெயர் வந்தது. நானும் மறுக்கவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் முகாமுக்கு வந்து எங்கள் ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்தார். வேதக்காரர் (கிறிஸ்தவர்), என் வயசு. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"திருநீறு திங்கீரோ?"

"பக்தி" என்றேன்.

"பக்தி இல்ல வே, புழு. ரத்தம் கொறைஞ்சா சாம்பல் திங்கத் தோணும். செருப்பில்லாம வாழைத்தோட்டத்துல ஒதுங்குதீரு. அங்கன கால் வழியா ஏறிருது. இப்படியே விட்டா இருதயம் நின்னுரும்."

கொக்கிப்புழு (குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிப்பது) என்பது அதன் பெயர். மருந்தாகச் சில பொட்டலங்கள் தந்தார். உள்ளே கற்கண்டுத் தூள்போல ஒன்று. தைமால் (ஓம எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் பளிங்குச் சத்து).

"நம்ம ஓமந்தான் வே. கப்பலேறி சீமைக்குப் போயி இப்படித் திரும்பி வருது. வெறும் வயித்துல தின்னுட்டு, உச்சிக்கு இந்தப் பேதி உப்பைக் கரைச்சுக் குடியும். எண்ணெய், நெய், சாராயம் எதையும் தொடாதேயும்."

அத்தனையையும் என் மனைவி செண்பகத்திடம் ஒப்பித்தேன். அவளுக்குப் பேதி உப்பு பிடிக்கவில்லை. ரத்தமில்லாத உடம்பை அது அறுத்துவிடும் என்றாள்.

"பச்சப்பிள்ளைக்கே ஓமமும் வெளக்கெண்ணெயுந்தான குடுக்கோம்? ரெண்டும் சோடில்லா?"

"எண்ணெய் கூடாதுன்னாரே."

"அது தாளிக்க எண்ணெய். இது மருந்து."

நான் தர்க்க நூல்கள் படித்தவன். இந்த வாதத்தில் ஓட்டையே தெரியவில்லை. காலையில் பளிங்கை விழுங்கினேன். உச்சிப்பொழுதில் உப்புக்குப் பதில் விளக்கெண்ணெயைக் குடித்தேன்.

முதலில் தொண்டைக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியதுபோல இருந்தது. பிறகு வயிறு என்னைத் தூக்கித் தரையில் அடித்தது. காதுக்குள் அரவை மில் ஓடியது. பிடிக்க வந்த மச்சினன் சங்கரனின் முன்கையைக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது. செண்பகத்தை உதைத்ததில் அவள் வளையல்கள் நொறுங்கித் தரையெல்லாம் சிதறின. அந்தச் சில்லுகளின் மேலேயே புரண்டேன். சிறுநீர் கரும்பச்சையாகப் போனது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை. எஞ்சியது சங்கரன் சொன்னது.

டாக்டர் சத்திரத்திலிருந்து ஓடி வந்திருக்கிறார்.

"என்னம்மா குடுத்தீக?"

"வெளக்கெண்ணெய்."

டாக்டர் என் மார்பில் முழங்காலை ஊன்றி, வாயைப் பிளந்து, ரப்பர் குழாயை இறக்கி வயிற்றைக் கழுவினார். கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் அறைந்தார். உப்புக் கரைசலையும் பால் விடாத காப்பியையும் மாறி மாறிப் புகட்டினார். நான் அவர் மூக்கில் குத்தினேனாம். அவர் துடைத்துக்கொண்டு மறுபடி அறைந்தாராம்.

பிழைத்த பிறகு பைய விளக்கினார். ஓமத்தின் இந்தச் சத்து தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் பெரும்பகுதி குடலோடு இறங்கிப் புழுவைக் கொன்றுவிட்டு வெளியே போகும். எண்ணெய் பட்டாலோ கரைந்து நம் ரத்தத்தில் ஏறும். சமையலில் சேர்க்கும் ஓமத்தில் இது துளியளவு, வாயுவுக்கு நல்லது. பொட்டலத்தில் இருப்பது அடுக்களைச் சரக்கு அல்ல. இதே நோயோடு இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

"புழு போயிட்டா?" என்று கேட்டேன்.

"பாதி போயிட்டு. மிச்சத்துக்கு இன்னொரு தடவ."

"இதே மருந்தா?"

"இதேதான். நீரு புழுவை முடிக்காட்டா புழு உம்மை முடிச்சிரும்."

செண்பகம் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் தொட மாட்டேன்" என்றாள். விஷமேறிய நாளிலிருந்து எனக்குக் கஞ்சிகூடச் சங்கரன்தான் ஊற்றிக்கொண்டிருந்தான், கடிபட்ட கையோடு. புழுவோடு வாழ்ந்து பார்த்தவன் நான். அவள் கையால் சாப்பிடாத வீட்டில் வாழ்ந்து பார்க்கத் தெம்பில்லை.

"ஏட்டி, நீ குடுத்தாத் திங்கேன். இல்லன்னா டாக்டர் பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

உடம்பு தேறியதும் ஒரு காலையில் மறுபடி பளிங்கை விழுங்கினேன். உச்சிக்கு அவள் பேதி உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். நான் கை நீட்டுமுன் அவளே இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடம் தந்தாள். அன்று பின்கட்டில் எங்கள் இருவருக்கும் ஓயாத வேலை. அது முடிந்து அவள் வார்த்த கஞ்சியைக் குடித்தேன்.

இப்போது ரத்தம் ஊறிவிட்டது. ஆனால் இந்த உடம்பு என் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை திரும்பவில்லை. எதை விழுங்கினாலும், அது எங்கே இறங்குகிறது என்று உள்ளே கவனித்துக்கொண்டிருக்கிறேன். செண்பகமும் கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முதல் கவளம் முகம் சுளிக்காமல் இறங்கின பிறகுதான் எங்கள் வீட்டில் அடுத்த நிமிஷம் பிறக்கிறது.